நடுவில் வந்த டைட்டில்

ஒரு படத்தின் முதல் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று இளைஞர்கள் தொலைக்காட்சியில் விவாதிப்பதை மதிய வேளைகளில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? ஒருவர் கேமரா கோணம் என்கிறார். ஒருவர் நாயகனின் கால் தெரிய வேண்டும், முகம் தெரியக் கூடாது என்கிறார். இன்னொருவர் மௌனத்தின் அருமையைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறார். ரயில்வே கேட்டைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. முதல் காட்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ரயில்வே கேட் கற்றுத் தந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர் நலப் பிரிவில் வேலை பார்த்தேன். மனமகிழ் மன்றச் செயலாளர் என்பது அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் விழும் கூடுதல் பொறுப்பு. எனக்குப் பிறகு பல வருடம் யாரையும் சேர்க்கவில்லை. ஆகவே கேரம் போர்டுக்குப் பவுடர் வாங்குவதிலிருந்து சனிக்கிழமை படம் போடுவது வரை நான்தான்.

பழைய கிடங்கு ஒன்றைக் கழுவி, வெள்ளையடித்து, ஒரு பக்கச் சுவரில் திரை கட்டி அரங்கமாக்கியிருந்தோம். அந்தக் கிடங்கை வாங்க நான் எழுதிய குறிப்புகள் இரண்டு மேனேஜர்களின் மேஜையில் தூங்கிவிட்டு, மூன்றாமவர் காலத்தில்தான் கையெழுத்தாயின. தொழிலாளர்கள் குடும்பத்தோடு வரலாம். குடியிருப்பிலும் பக்கத்துக் குப்பத்திலும் இருந்த பெண்கள் பலருக்கு வாரத்தில் ஒருமுறை வெளியே வந்து நிம்மதியாக உட்கார இருந்த ஒரே இடம் அதுதான். தியேட்டருக்குப் போவதென்றால் கூட்டிப்போக ஆள் வேண்டும், திரும்பி வர பஸ் வேண்டும். இங்கே சோற்றை வடித்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

படம் ஆறு மணிக்கு. ஆறு என்றால் ஆறு. இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சங்கு ஊதுவதற்குள் படம் முடிந்தாக வேண்டும். ஆரம்பத்தைத் தவறவிட்டவன் சண்டை போடுவான். முடிவைத் தவறவிட்டவன் வேலைநிறுத்தம் செய்வான். இதை அனுபவத்தில் அறிந்திருந்ததால் ஆறு மணியைத் தள்ளிப்போட நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

ரயில்வே கேட் இங்கேதான் குறுக்கே வருகிறது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து எங்கள் கம்பெனிச் சரக்கை இறக்குவதற்கென்று ஒரு கூட்டம் இருந்தது. வேலை முடிந்ததும் அவர்களைக் கம்பெனி லாரி ராயபுரம் வழியாகக் கூட்டி வரும். சனிக்கிழமை மாலைகளில் அந்த லாரி வந்து நிற்பதற்கும், எண்ணூர்ப் பக்கம் போகும் கூட்ஸ் வண்டிக்காகக் கேட் சாத்துவதற்கும் அப்படி ஒரு பொருத்தம். அந்தக் கூட்ஸ் வண்டியும் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. துறைமுகக் கூட்டம் அரங்கத்துக்குள் நுழையும்போது படம் தொடங்கி அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும்.

அவர்கள் இருட்டில் நுழைந்து, உட்கார்ந்திருப்பவர்களின் கால்களை மிதித்து, இடம் பிடித்து, முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கதை இன்னா?" முன்னால் வந்தவன் பின்னால் வந்தவனுக்குக் கதை சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் அரங்கத்தில் எழுதப்படாத சட்டம். முப்பது பேர் கேட்பார்கள், முப்பது பேர் சொல்வார்கள். ஒருவன் சொல்லும் கதைக்கும் பக்கத்தில் சொல்லப்படும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது. திரையில் அழுகிற அம்மாவின் வசனம் ஒருவருக்கும் கேட்காது. பெண்கள் பக்கத்திலிருந்து அதட்டல் வரும். உடனே துறைமுகக் கூட்டம், "மொதல்லர்ந்து போடு!" என்று கோஷம் எழுப்பும். ஏற்கெனவே பார்த்தவர்கள் "முடியாது!" என்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர்போல ஒருவர் இருந்தார். வியாசர்பாடிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டை பழகுகிறவர். ஒரு சனிக்கிழமை, கதை சொல்ல மறுத்த ஒரு பிட்டரோடு அவருக்கு வாக்குவாதம் முற்றி, கைகலப்பு நாற்காலிகளுக்குப் பரவியது. இரண்டு பேருக்கும் காயமில்லை. நாற்காலிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். இவர் நான்காமவர், புதிதாக வந்தவர். அமைதியாகப் பேசுவார். அமைதியாகப் பேசும் மேனேஜர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"மிஸ்டர் செகரட்டரி, எனக்கு சினிமா மேல விரோதம் கிடையாது. நாற்காலி மேல கொஞ்சம் கரிசனம் உண்டு."

"சரி சார்."

"ஸ்டோர்ஸ்ல கோணிச் சாக்கு வைக்க இடமில்லைன்னு ரொம்ப நாளா கேக்கறாங்க. அந்த ஹால் காலியாயிருந்தா அவங்களுக்கு உபயோகம். வர்ற சனிக்கிழமை நான் குடும்பத்தோட படம் பாக்க வரேன். ஒரு சத்தம், ஒரு ரகளை இருந்தாலும், அதுக்கடுத்த சனிக்கிழமை அங்கே சாக்குதான் இருக்கும்."

துறைமுகக் கூட்டம் வரக்கூடாது என்று தடை போடலாமா என்று கேட்டேன். "மன்றத்துல எல்லாரும் மெம்பர்தானே?" என்றார். விதிகளை அவரும் படித்திருந்தார். விதி தெரிந்த அதிகாரியைவிட எனக்கு வேறு சங்கடம் வேண்டியதில்லை. லாரியை முன்னதாக அனுப்பலாமா என்றால், துறைமுகத்தில் கப்பல் வைத்ததுதான் நேரம். கேட்டை முன்னதாகத் திறக்கலாமா என்றால், ரயில்வே எனக்குக் கட்டுப்பட்டதல்ல. ஒரு வாரத்துக்குள் முப்பது பேரின் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் குடியிருப்புப் பெண்களின் சனிக்கிழமை கோணிச் சாக்குக்குப் போய்விடும்.

இதற்கு நடுவில், வாடகைக்குப் படம் தரும் டிப்போவிலிருந்து வந்த படமோ நகரத்தில் ஒரு வாரம் தாண்டாத படம். எங்களுக்குப் பதினாறு எம்.எம். பிரதிதான் வரும், முழுப் படமும் நாலு பெரிய சுருள். வந்த பிரதியைச் செயலாளர் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, எங்கே கீறல், எங்கே ஒட்டு என்று குறித்து வைக்க வேண்டும் என்பது மன்ற விதி. இல்லாவிட்டால் முந்தின ஊர்க்காரன் கிழித்ததற்கும் நம்மைத்தான் கேட்பார்கள். எல்லாச் செயலாளர்களும் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற விதி அது. நான் பார்த்துவிட்டுப் போடுகிறவன். என்னை யாரும் விருந்துக்குக் கூப்பிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை மதியம் காலி அரங்கத்தில் படத்தை ஓட்டினோம். புரொஜக்டரைக் கவனித்துக்கொண்டவர் ராயபுரத்துக்காரர். பாய்லர் பகுதியில் வெல்டர், ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பாடல் குழு. முதல் டப்பாவைத் திறந்து சுருளை மாட்டினார். தணிக்கைச் சான்றிதழும் இல்லை, டைட்டிலும் இல்லை. நேராகக் காட்சி.

"தல அறுந்துபோன பிரிண்ட்டு சார். டைட்ல எவனோ துன்னுட்டான்," என்றார் ராயபுரத்துக்காரர். பழைய பிரதிகளுக்கு முன்பக்கம் அறுந்திருப்பது சகஜம். நானும் அப்படியே குறித்துக்கொண்டேன்.

மழை. ஒரு ரயில் நிலையத்து பெஞ்சில் ஒருவன் கையில் விலங்கோடு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் போலீஸ்காரர் தூங்குகிறார். ஒரு பெண் நனைந்துகொண்டே வந்து டிபன் கேரியரைத் திறக்கிறாள். சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டுகிறாள். இரண்டு வாய் சாப்பிட்டதும், "குழந்தை தூங்கிட்டானா?" என்று கேட்கிறான். ஊட்டிய அதே கையால் அவனை ஓங்கி அறைகிறாள். கேரியரைத் தண்டவாளத்தில் வீசிவிட்டு, எதிர்ப் பக்கம் நின்ற ரயிலில் ஏறிப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு வழக்கு நடக்கிறது. கூண்டில் நின்று அவன் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான்.

எங்களுக்கு டீ கொண்டுவந்த கேண்டீன் அம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். குப்பத்துக்காரர், கடலுக்குப் போகும் வீட்டுக்காரரையே அதட்டி அனுப்புகிறவர்.

"யாரு சாரு அந்தப் பொண்ணு? பொஞ்சாதியா?"

"தெரியலையேம்மா."

"பொஞ்சாதின்னா சோறு ஊட்டிகினு அறைவாளா? கூடப் பொறந்தவதான். இல்ல... கூடப் பொறந்தவன்னா அழுதுகினே அறைவா. இவ அழுவலியே!"

"டீ ஆறிப்போவுது அக்கா," என்றார் ராயபுரத்துக்காரர்.

"ஆறட்டும்பா. நீ ஓட்டு. இவ யாருன்னு தெரியாம நான் எப்டி போயி கொழம்பு வெக்கறது?"

சுருள் முடிந்தது. அடுத்த டப்பாவைத் திறந்து மாட்டினார் ராயபுரத்துக்காரர். திரையில் தணிக்கைச் சான்றிதழ் கம்பீரமாக வந்து நின்றது. பிறகு டைட்டில். யாரோ டப்பாக்களை மாற்றி வைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது இரண்டாவது சுருள்.

உண்மையான முதல் சுருளையும் பார்த்தோம். ஒரு பெரிய வீட்டில் கிரகப்பிரவேசம். ஒவ்வொருவராக வாசலில் நுழைகிறார்கள். நுழைகிற ஒவ்வொருவரையும் இன்னார் என்று வேறொருவர் உரக்க அறிவிக்கிறார். அண்ணன் தம்பியைப் புகழ்கிறான், தம்பி அண்ணனைப் புகழ்கிறான், இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் புகழ்கிறார்கள். அப்புறம் தம்பிக்குக் கல்யாணம், மணப்பெண்ணாக அந்த ரயில் நிலையத்துப் பெண். விலங்கோடு உட்கார்ந்திருந்தவன் அவளுடைய கணவனும் இல்லை, அண்ணனும் இல்லை. கணவனின் அண்ணன்.

"அய்யோ!" என்றார் கேண்டீன் அம்மா. அந்த "அய்யோ"வைக் கேட்டதும் எனக்கு ஒரு வழி தெரிந்தது. இந்தச் சுருளை முதலில் பார்த்திருந்தால் அவர் கொட்டாவி விட்டுவிட்டு அப்போதே குழம்பு வைக்கப் போயிருப்பார்.

"நாளைக்கு இதே மாதிரி போடுவோம்," என்றேன்.

"இன்னா சார் சொல்றீங்க? ஜெயில்ல கீறவன் திடீர்னு ஊட்டுக்குப் பால் காய்ச்சிகினு கீறான். ஜனம் கேக்காதா?"

"நடுவுல டைட்டில் வருதே. கதை பின்னாடி போகுதுன்னு புரிஞ்சுக்குவாங்க."

"டிப்போக்காரனுக்குத் தெரிஞ்சா பேஜாராய்டும் சார்."

நான் டிப்போ ஒப்பந்தத்தை எடுத்து வந்து நிபந்தனைகளை அவருக்குப் படித்துக் காட்டினேன். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, பிரதி எடுக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. எந்தச் சுருளுக்குப் பின் எந்தச் சுருள் என்று ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதியவருக்கு அப்படி மாற்றி ஓட்டும் ஒரு ஆள் இருப்பான் என்று தோன்றவில்லை. ஒரே ஒரு சிக்கல், தணிக்கைச் சான்றிதழ். அது படத்துக்கு முன்னால் காட்டப்பட வேண்டும். அது முதல் சுருளின் தொடக்கத்தில் இருக்கிறது. ஆகவே சான்றிதழை மட்டும் காட்டிவிட்டு, டைட்டில் தொடங்கும் முன் நிறுத்தி, சுருளை மாற்றுவது என்று தீர்மானித்தேன். சட்டத்துக்கு உரியதைச் சட்டத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை மாலை. முன் வரிசையில் மேனேஜரும் அவர் மனைவியும். பெண்கள் பக்கம் நிறைந்து வழிந்தது; கேண்டீன் அம்மா குப்பத்தையே கூட்டி வந்திருந்தார். "வாயத் தொறந்தே, அப்பறம் டீ கெடையாது" என்று மட்டும் அவரிடம் ராயபுரத்துக்காரர் சொல்லி வைத்திருந்தார். டீ அவர் போடுவது, இவர் குடிப்பது என்பதை அந்த நேரத்தில் இருவருமே யோசிக்கவில்லை.

ஆறு மணிக்குச் சான்றிதழ் வந்தது. வழக்கம்போல ஒரு கூட்டம் எத்தனை ரீல் என்று உரக்கப் படித்தது. விளக்கு எரிந்தது. "இன்னாபா, படம் முடிஞ்சிச்சா?" என்று ஒரு குரல். சிரிப்பு. மேனேஜர் திரும்பிப் பார்த்தார். விளக்கு அணைந்தது. மழை, பெஞ்சு, விலங்கு.

அந்த அரங்கத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அறை விழுந்தபோது நூறு பேர் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள். அவள் ரயில் ஏறியதும் கிசுகிசுப்பு தொடங்கி, விடை தெரியாததால் தானாகவே அடங்கியது.

கூண்டில் அவன் பேசாமல் நிற்கும்போது வெளியே லாரி சத்தம். கதவு திறந்தது. துறைமுகக் கூட்டம் நுழைந்தது. கால்கள் மிதிபட்டன. வியாசர்பாடிக்காரர் ஒரு காலி நாற்காலியைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் போன வாரம் அவரோடு மோதிய அதே பிட்டர்.

"கதை இன்னா மாமு?"

"யாருக்குத் தெரியும்?"

"டபாய்க்காத. எப்போ வந்த நீ?"

"மொதல்லர்ந்து கீறேன். இவன் கையில வெலங்கு. ஒரு பொண்ணு சோறு ஊட்டிச்சு, அப்பால ஒண்ணு உட்டுச்சு, பூட்ச்சு. யாரு, ஏன், ஒண்ணியும் சொல்லல."

"மெய்யாலுமா?"

"எங்காத்தா மேல. நானே மண்ட காஞ்சிகினு கீறேன். குந்து, பாப்போம்."

வியாசர்பாடிக்காரர் குந்தினார். முப்பது பேர் கேட்டார்கள். முப்பது பேருக்கும் ஒரே பதில் கிடைத்தது. முதலில் வந்தவனுக்கும் தெரியாது, பின்னால் வந்தவனுக்கும் தெரியாது. சண்டை போட யாரிடமும் எதுவும் மிச்சமில்லை. ஒரு நல்ல முதல் காட்சி என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த நிமிடத்தில் கண்டுகொண்டேன். அது யாருக்கும் விவரம் கொடுக்கக் கூடாது. சீக்கிரம் வந்தவனையும் தாமதமாக வந்தவனையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பேரையும் ஒரே கேள்வி கேட்கவைக்க வேண்டும்.

சுருள் மாற்ற விளக்கு எரிந்தபோது அரங்கம் இரண்டாகப் பிரிந்திருந்தது. பொஞ்சாதி என்று ஒரு கட்சி, தங்கச்சி என்று ஒரு கட்சி. கேண்டீன் அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னைச் சைகை காட்டி அழைத்தார். போனேன்.

"அந்தப் பெண் யாரு? இவங்க கேக்கறாங்க," என்று மனைவியைக் காட்டினார்.

"செயலாளர் முன்கூட்டிச் சொல்ல விதியில் இடமில்லை சார்."

"அப்படி ஒரு விதி இருக்கா?"

"இல்லை சார். சொல்லலாம் என்றும் ஒரு விதி இல்லை."

அவர் மனைவி சிரித்துவிட்டார்.

விளக்கு அணைந்தது. இசை முழங்க, எழுத்துகள் திரையில் எழுந்தன. டைட்டில். "யோவ், இன்னாது, இப்பத்தான் டைட்லா?" என்றது ஒரு குரல். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராயபுரத்துக்காரர் இருட்டில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டது புரொஜக்டர் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது.

வியாசர்பாடிக்காரர் எழுந்து நின்றார். அவருடைய நிழல் திரையில் பாதியை மறைத்தது. முடிந்தது, கோணிச் சாக்குதான் என்று நினைத்தேன்.

"டேய்!" என்று பின்வரிசைகளைப் பார்த்துக் கத்தினார். "நமக்கோசரம் டைட்ல நிறுத்தி வெச்சிக்கீறாங்கடா!"

துறைமுகக் கூட்டம் கைதட்டத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். அந்த அரங்கத்தில் அவர்கள் ஒரு படத்தின் டைட்டிலையும் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் லாரியில் நிற்கும்போதே எல்லாப் படங்களின் டைட்டிலும் போய்விடும். இப்போது ஒவ்வொரு பெயரையும், ஒப்பனை, உடையலங்காரம் உட்பட, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். டைரக்டர் பெயர் வந்தபோது விசில் கூரையைத் தூக்கியது. நகரத்தில் ஒரு வாரம் ஓடாத படத்தின் டைரக்டருக்கு அப்படி ஒரு வரவேற்பு வேறெங்கும் கிடைத்திருக்காது.

மேனேஜர் கை தட்டவில்லை. அவர் மனைவி தட்டினார்.

கிரகப்பிரவேசக் காட்சி, முதலில் வந்திருந்தால் கொட்டாவி வரவழைத்திருக்கும் அதே காட்சி, இன்று ஒரு புலன்விசாரணையாகிவிட்டது. வாசலில் நுழையும் ஒவ்வொருவரையும் சனங்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் புகழப் புகழ, "இவன்தாண்டா ஏதோ பண்ணப்போறான்" என்று தம்பியைக் காட்டி முணுமுணுப்பு. மணப்பெண் தலைநிமிர்ந்து முகம் தெரிந்த நொடியில் பொஞ்சாதிக் கட்சியும் தங்கச்சிக் கட்சியும் சேர்ந்து தோற்றன. "தம்பி பொஞ்சாதிடா!" என்று பிட்டர் வியாசர்பாடிக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் தோளைத் தட்டிவிடவில்லை. கேண்டீன் அம்மா வாயிலிருந்து கையை எடுத்து, "நான் நேத்தே பாத்தேன்!" என்று குப்பத்துக்கே அறிவித்தார்.

படம் சங்குக்கு முன் முடிந்தது. ஒரு நாற்காலிகூட அசையவில்லை. துறைமுகக் கூட்டம் அறை நியாயமா இல்லையா என்று பேசிக்கொண்டே வெளியேறியது.

மேனேஜர் என் பக்கம் வந்தார். "டைட்டில் தாமதமா வர்ற படம் நான் பாத்ததில்லை," என்றார்.

"புது உத்தி சார்."

என்னையும் புரொஜக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. "உத்தி நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு மனைவியோடு நடந்தார்.

மறு வாரம் வியாசர்பாடிக்காரர் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். அவருடைய தோஸ்து ஒருவன் அதே படத்தை வேறொரு கொட்டகையில் பார்த்தானாம். "மொதல்லயே டைட்ல போட்டு, அவ யாருன்னு சொல்லி, கதையக் கலீஜ் பண்ணிட்டாங்களாம் சார். படம் ஓட்டத் தெரியாதவன்லாம் கொட்டகை வெச்சிக்கீறான்," என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன்.

அதே வாரத்தில் மேனேஜரின் உத்தரவு அறிவிப்புப் பலகைக்கு வந்தது. கோணிச் சாக்குகளுக்குத் தகரக் கொட்டகை ஒன்று போடப்படும். சனிக்கிழமைப் படம் மறு உத்தரவு வரும்வரை தொடரும். கேண்டீன் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "மறு உத்தரவுன்னா எப்போ சாரு?" என்று பயந்துபோய்க் கேட்டார். முப்பது வருடம் உத்தரவுகளோடு புழங்கியவன் இன்று சொல்வதைத்தான் அன்றும் சொன்னேன்: அலுவலகத்தில் அதைவிட நீண்ட ஆயுள் உள்ள சொல் கிடையாது. நான் அந்தத் தொழிற்சாலையை விட்டு வரும்வரை மறு உத்தரவு வரவில்லை.